சுரங்கப்பாதையும் பாறைக்குள் இருக்கும் நீரும்: நம் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டில் பெரிய சுரங்கப்பாதை வேலை எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் சிவில் படித்த பிள்ளைகள் பலர் இமயமலைச் சுரங்கங்களிலும் மெட்ரோ வேலைகளிலும் இருக்கிறார்கள். பாறையில் துளையிட்டு, தோண்டும்போது எவ்வளவு நீர் வரும் என்று முன்கூட்டிச் சொல்வது என் தொழில். ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாண வீட்டிலும் கல்லூரி வாசலிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி எழுதப்பட்டவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

தம்பி, பாறை கெட்டியானதுதானே? அதற்குள் தண்ணீர் எப்படி வருகிறது?

பாறை கெட்டியானதுதான். பிள்ளையார்பட்டிக் குன்றின் கல்லைப் போன்ற கடினப்பாறையில், விரிசல் இல்லாத துண்டு ஒன்றை எடுத்தால் நூற்றில் ஒரு பங்கு வெற்றிடம்கூட இருக்காது. குன்றுகளின் மேல் சுனைநீர் தங்கி நிற்பது அதனால்தான். அடியில் உள்ள கல் நீரைக் கீழே விடுவதில்லை.

தண்ணீர் வருவது விரிசல் வழியாக. திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் போர் போட்டவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ரிக் வண்டி நூற்றுக்கணக்கான அடிக்கு வெறும் புழுதியைத் துப்பும். திடீரென்று ஓரிடத்தில் ஈரம் தட்டும். அடுத்த சில அடிகளில் தண்ணீர் பீறிடும். மேலே இருந்ததும் கீழே இருப்பதும் ஒரே கல்தான். நடுவில் ஒரு விரிசல் குறுக்கிட்டிருக்கிறது. போர் போடுகிறவர் அந்த ஊற்றுக்கண்ணைத் தேடிப் போகிறார். சுரங்கம் தோண்டுகிறவருக்கு அதே ஊற்றுக்கண்தான் ஆபத்து.

அப்படியானால் துளை நிறைய உள்ள பாறையில் தண்ணீரும் நிறைய ஓடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. களிமண்ணில் பாதியளவு வெற்றிடம் இருக்கலாம், ஆனால் அந்தத் துளைகள் மிக நுண்ணியவை. நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போகவிடாது. ஊருணியில் மாதக்கணக்கில் நீர் நிற்பது தரையில் படிந்த களிமண்ணின் புண்ணியத்தில்தான். வெற்றிடம் எவ்வளவு என்பது துளைமை. நீர் எவ்வளவு எளிதாகக் கடந்து போகிறது என்பது ஊடுருவுதிறன். எனக்கு வேண்டியது இரண்டாவது.

நம் பகுதியிலேயே இரண்டு விதமும் உண்டு. காரைக்குடிக்கு அடியில் இருப்பது மணற்கல் படிவம், அதன் மேல் செம்புறாங்கல். சம்பை ஊற்றின் நீர் இப்படிப்பட்ட படிவத்தில் மணலுக்கு இடையே பரவலாக நகர்ந்து வருவது. மேற்கே கொஞ்ச தூரம் போனால் கடினப்பாறை தொடங்கிவிடுகிறது. அங்கே விரிசல் உள்ள இடத்தில் மட்டும் நீர், மற்ற இடமெல்லாம் வறட்சி. சுரங்கப்பாதைகளில் நம்மை அதிகம் ஏமாற்றுவது இந்த இரண்டாம் வகை.

ஊடுருவுதிறனை எந்த அளவில் சொல்கிறார்கள்? லூஜான் என்ற சொல் வருகிறதே, அது என்ன?

பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீருக்காக ஹென்றி டார்சி மணல் நிரப்பிய குழாய்களில் நீரை ஓடவிட்டுப் பார்த்து, 1856-இல் ஒரு விதியை வெளியிட்டார். நீர் ஓடும் வேகம், அழுத்தச் சரிவையும் அந்தப் பொருளின் இயல்பையும் பொறுத்தது என்பது அதன் சாரம். அந்த இயல்பை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதுகிறோம். விரிசலற்ற கருங்கல்லுக்கும் சரளைப் படுகைக்கும் இடையே இந்த அளவு நூறு கோடி மடங்குக்கும் மேல் வேறுபடும். பாறையின் பெரும்பாலான குணங்கள் இவ்வளவு அகலமாக விரிவதில்லை. பின்னால் வரும் பாதிச் சிக்கல்களுக்கு இதுதான் வேர்.

லூஜான் என்பது களத்து அளவு. சுவிட்சர்லாந்தின் புவியியலாளர் மாரிஸ் லூஜான் அணைகளின் அடித்தளத்துக்காக 1933-இல் முன்வைத்தது. 10 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில், துளையின் ஒரு மீட்டர் நீளத்துக்குள் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் புகுந்தால் அது ஒரு லூஜான். தோராயமாக வினாடிக்கு ஒரு கோடியில் ஒரு மீட்டரைவிடச் சற்று அதிகம்.

அந்தச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள்?

துளைக்குள் ரப்பர் பேக்கர்களை இறக்கி ஊதிப் பெரிதாக்கி, 3 முதல் 5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியை மட்டும் தனியாக அடைக்கிறோம். அதற்குள் நீரைச் செலுத்தி, அழுத்தத்தையும் உள்ளே போகும் அளவையும் குறித்துக்கொள்கிறோம். அழுத்தம் ஐந்து படிகளில் போகும்: குறைவு, நடுத்தரம், உச்சம், மறுபடி நடுத்தரம், மறுபடி குறைவு. ஒவ்வொரு படியிலும் சுமார் பத்து நிமிடம்.

பலர் இந்த ஐந்து எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறார்கள். அது எனக்கு ஆறவே ஆறாது. அந்த எண்களின் ஏற்ற இறக்கத்தில்தான் பாறை பேசுகிறது. உச்ச அழுத்தத்தில் மட்டும் லூஜான் மதிப்பு உயர்ந்து, அழுத்தம் இறங்கியதும் பழைய நிலைக்கு வந்தால், விரிசல் அழுத்தத்தால் வாய் திறந்து மூடியிருக்கிறது. கடைசிப் படியில் மதிப்பு முதல் படியைவிடக் கூடியிருந்தால், விரிசலில் இருந்த மண் கழுவப்பட்டுவிட்டது. சுரங்கத்தில் முதலில் சொட்டாகத் தொடங்கி நேரம் போகப்போகப் பெருகும் கசிவு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. சராசரியில் இது தெரியவே தெரியாது.

கோர் பெட்டியைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா? ஆர்.கியூ.டி. நன்றாக இருந்தால் தண்ணீர் குறைவுதானே?

துளையிலிருந்து எடுத்து, கோர் பெட்டியில் அடுக்கிவைக்கும் பாறை உருளைகளில் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் மொத்த நீளம் எத்தனை சதவீதம் என்பதே ஆர்.கியூ.டி. பாறை எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பதை அது சொல்லும். நீர் போகும் வழி திறந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. ஆர்.கியூ.டி. 90 காட்டும் நல்ல பாறையில் ஒரே ஒரு திறந்த விரிசல் போதும், சுரங்கம் வெள்ளக்காடாகிவிடும். 30 காட்டும் நொறுங்கிய பாறையில் விரிசல்களெல்லாம் களிமண்ணால் அடைபட்டிருந்தால் சொட்டு நீர் வராது.

ஆகவே கோர் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, துண்டுகளைக் கையில் எடுத்து, உடைந்த முகத்தைப் பாருங்கள். துருநிறக் கறை படிந்திருந்தால் அந்த வழியே நீர் நெடுங்காலம் ஓடியிருக்கிறது. வெள்ளைக் கால்சைட் முழுவதுமாக நிரம்பியிருந்தால் பழைய வழி மூடிவிட்டது. பாதி நிரம்பி, நடுவே சிறு படிகங்கள் நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் இடைவெளி இருக்கிறது. புதிதாக உடைந்த, கறையே இல்லாத முகம் துளையிடும் இயந்திரத்தின் வேலை. அதை விரிசல் கணக்கில் சேர்க்காதீர்கள். துளையிடும்போது உள்ளே செலுத்தும் கழுவுநீர் எந்த ஆழத்தில் திரும்பி வராமல் போனது என்று டிரில்லர் தன் நோட்டில் எழுதியிருப்பார். அந்த ஒரு வரிக்குப் பத்துச் சோதனைகளின் மதிப்பு உண்டு.

ஆழம் போகப்போக விரிசல் இறுகிவிடும் என்கிறார்களே. அப்படியானால் ஆழமான சுரங்கம் பாதுகாப்பானதா?

பொதுவாக ஆழத்தில் மேற்சுமை விரிசல்களை நெருக்கும், ஊடுருவுதிறன் குறையும். ஆனால் நீரின் அழுத்தம் ஏறுகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 10 பார். 500 மீட்டர் ஆழத்தில் ஒரு விரிசல் திறந்திருந்தால் அங்கே 50 பார் அழுத்தத்தில் நீர் காத்திருக்கலாம். பாறை நகர்ந்து உடைந்த பிளவு மண்டலங்கள் ஆழத்திலும் திறந்தே இருக்கக்கூடும்.

இமாச்சலப் பிரதேசத்தின் ரோதங்கில் 2020-இல் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதையில் சேரி நாலா என்ற பிளவு மண்டலம் வெறும் 587 மீட்டர். அதைக் கடக்க ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

அண்ணே, எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

முடியும். 1965-இல் குட்மனும் உடன் ஆய்வாளர்களும் கொடுத்த சூத்திரத்தை இன்றும் முதல் கணக்குக்குப் பயன்படுத்துகிறோம். ஊடுருவுதிறன், சுரங்கத்துக்கு மேல் நீர்மட்டத்தின் உயரம், சுரங்கத்தின் ஆரம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். 3 மீட்டர் ஆரமுள்ள சுரங்கம், மேலே 100 மீட்டர் நீர், ஊடுருவுதிறன் வினாடிக்கு ஒரு கோடியில் ஒரு மீட்டர் என்று வைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 15 லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதின்மூன்று பதினான்கு நிமிடத்தில் நிரம்பும். பம்ப் வைத்துச் சமாளிக்கலாம்.

இப்போது ஊடுருவுதிறனை மட்டும் நூறு மடங்கு கூட்டுங்கள். வினாடிக்கு 1,500 லிட்டர். அதே டேங்கர் எட்டு வினாடியில் நிரம்புகிறது. நீர்மட்டத்தையோ ஆரத்தையோ நாம் நூறு மடங்கு தவறாக அளக்கப்போவதில்லை; ஊடுருவுதிறனில் நூறு மடங்குத் தவறு சர்வ சாதாரணம். நான் இதே பேச்சாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நிறைய இடத்தில் சோதனை செய்து சராசரி போட்டால் சரியாகத்தானே வரும்?

மொத்தமாக எத்தனை பம்ப் வாங்க வேண்டும் என்பதற்குச் சராசரி கொஞ்சம் உதவும். உயிரைக் காப்பாற்ற உதவாது. விரிசலில் ஓடும் நீர் அதன் திறப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. திறப்பு இரண்டு மடங்கானால் நீர் எட்டு மடங்கு. பத்து மடங்கானால் ஆயிரம் மடங்கு. ஆகவே ஒரு கிலோமீட்டரில் நூறு விரிசல் இருந்தாலும் வரும் நீரில் பெரும்பகுதி நாலைந்து விரிசல்களிலிருந்துதான் வரும். அந்த நாலைந்தும் எங்கே என்பதே கேள்வி. மேலிருந்து இறக்கிய துளைகள் அவற்றைத் தொடாமலே போயிருக்கலாம். செங்குத்தான விரிசலைச் செங்குத்தான துளை சந்திப்பது அரிது. இதற்காகவே சாய்வுத் துளைகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தார்கள், தண்ணீர் கிடைத்தது. அதுபோல மேலிருந்தே பார்த்துவிட முடியாதா?

போர் போடுகிறவருக்கு ஏதோ ஓரிடத்தில் கொஞ்சம் நீர் கிடைத்தால் போதும், பல இடங்களில் கிடைக்கவும் செய்யும். சுரங்கத்துக்கு எந்த மீட்டரில், எவ்வளவு அழுத்தத்தில் என்று வேண்டும். தேங்காய் அதைச் சொல்லாது.

மின்தடை அளவீடு, நில அதிர்வு அலைகளை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்ப்பது போன்ற முறைகள் உண்டு. அவை பாறை எங்கே பலவீனமாக இருக்கிறது, எங்கே ஈரம் இருக்கக்கூடும் என்று காட்டும். ஈரக் களிமண்ணும் நீர் நிரம்பிய விரிசலும் மின்தடையில் ஒன்றுபோலவே தோன்றும். அதனால் இந்த முறைகள் சந்தேகப்பட வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டும், உறுதிசெய்வது துளைதான்.

முன்துளை என்று ஒன்று சொல்கிறார்களே. அது என்ன செய்யும்?

சுரங்கத்தின் முகப்பிலிருந்து, அதாவது இப்போது தோண்டிக்கொண்டிருக்கும் கடைசி முனையிலிருந்து, இனி தோண்டப்போகும் பாறைக்குள் 20, 30 மீட்டர் நீளத்துக்கு ஒல்லியான துளைகளைப் போட்டுப் பார்ப்பது. நீர் வந்தால் அந்தச் சிறு துளை வழியாக வரும். வால்வு வைத்து மூடலாம், அழுத்தத்தை அளக்கலாம். வெடி வைத்த பிறகு அதே நீர் வந்தால் முகப்பு முழுவதும் திறந்துகிடக்கும். அடுத்த முன்துளையை, முந்தையது முடிவதற்குச் சில மீட்டர் முன்னாலேயே தொடங்க வேண்டும். சோதிக்காத பாறையில் ஒரு மீட்டர்கூடப் போகக் கூடாது.

சுவிட்சர்லாந்தின் 57 கி.மீ. கோத்தார்டு சுரங்கத்தின் பாதையில் பியோரா என்ற பகுதி இருந்தது. 1996-இல் ஆய்வுத் துளை ஒன்றிலிருந்து நீரும் பொடிந்த டோலமைட் பாறையும் பீறிட்டன. அவர்கள் அதோடு விடாமல் சுரங்கம் போகவேண்டிய மட்டத்துக்கே துளையிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆழத்தில் பாறை இறுகி, நீரின்றி இருந்தது. அந்த நம்பிக்கையில் பாதையை மாற்றாமல் கடந்தார்கள். முன்துளை ஆபத்தை மட்டும் சொல்வதில்லை, வீண் பயத்தையும் நீக்குகிறது.

இதற்கு நேரமாகும் என்பதுதான் எல்லா இடத்திலும் வரும் மறுப்பு. ஒரு ஷிப்ட் வீணாகிறது என்று சொல்லி முன்துளையைத் தள்ளிப்போடுகிறவர்களோடு நான் சண்டை போடத் தயங்குவதில்லை.

தண்ணீர் வந்த பிறகு சிமென்ட் பால் செலுத்தி அடைத்துக்கொள்ளலாமே?

வந்த பிறகு அடைப்பது பல மடங்கு கடினம். ஓடும் நீர் சிமென்ட் பாலைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் கிளம்பும். தோண்டுவதற்கு முன்பே, நீர் அசையாமல் நிற்கும்போது, சுரங்கத்தைச் சுற்றிக் குடைபோல் துளைகள் போட்டுச் செலுத்துவதே முறை. 0.1 மி.மீ.க்கும் குறைவான விரிசலில் சாதாரண சிமென்ட் துகள் நுழையாது, நுண்சிமென்ட் வேண்டும். எது வேண்டும் என்று தெரிவதற்கும் மேலே சொன்ன லூஜான் சோதனைதான் வழி.

ரசாயனக் கலவையைக் கொண்டு அவசரத்தில் அடைக்கும் வழக்கமும் இருந்தது. சுவீடனின் ஹாலன்சோஸ் சுரங்கத்தில் 1997-இல் அப்படிச் செலுத்திய கலவையிலிருந்து அக்ரிலமைடு என்ற நச்சுப்பொருள் கசிந்து ஓடைநீரில் கலந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் பாதிக்கப்பட்டன, வேலை நின்றது. 8.7 கி.மீ. சுரங்கம் 2015 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது.

உள்ளே வரும் தண்ணீரை பம்ப் வைத்து இறைத்து வெளியே விட்டால் போதாதா? ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

அந்தத் தண்ணீர் யாருடையது என்று முதலில் கேட்க வேண்டும். ஜப்பானின் தன்னா சுரங்கத்தை 1918 முதல் 1934 வரை தோண்டினார்கள். 67 பேர் உயிரிழந்தார்கள். உள்ளே கொட்டிய நீரை வடிகால் வெட்டி வெளியேற்றியதில், மேலே இருந்த தன்னா பள்ளத்தாக்கின் ஊற்றுகள் வற்றி விவசாயமே மாறிப்போனது. நம் நாட்டில், ஜோஷிமட் அருகே தபோவன் விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்தின் சுரங்கத்தில் 2009 டிசம்பர் 24 அன்று இயந்திரம் நீர் தாங்கிய பாறையைத் துளைத்தது. வினாடிக்கு 700 முதல் 800 லிட்டர் வெளியேறியதாகப் பதிவாகியிருக்கிறது. நாளொன்றுக்கு 6 கோடி லிட்டருக்கு மேல்.

மழைநீர் ஒரு சொட்டு வீணாகாமல் கூரையிலிருந்து முற்றத்துக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் வழி வைத்துக் கட்டிய ஊர்க்காரர்கள் நாம். மலைமேல் ஒரு கிராமத்தின் ஊற்று நம் கணக்குப் பிழையால் வற்றுவதை வெறும் செலவுக் கணக்காகப் பார்க்க என்னால் முடியவில்லை. தோண்டுவதற்கு முன்பே சுற்றியுள்ள கிணறுகளையும் ஊற்றுகளையும் ஒரு முழு ஆண்டு அளந்து வைக்க வேண்டும்.

சென்னை மெட்ரோ கூவத்துக்கு அடியிலேயே போனதே, அங்கே எப்படிச் சமாளித்தார்கள்?

அது வேறு முறை. மண்ணில் போகும் இயந்திரம் முகப்பில் எதிர் அழுத்தம் கொடுத்துக்கொண்டே நகரும். பின்னாலேயே ரப்பர் பட்டை வைத்த கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பொருத்திவிடும். வெடி வைத்துத் தோண்டும் மலைச்சுரங்கத்தில் முகப்பு திறந்தே இருக்கும். அங்கே முன்கூட்டித் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு கவசம் இல்லை.

என் மகன் வடக்கே சுரங்க வேலையில் சேர்ந்திருக்கிறான். தெலுங்கானா விபத்தைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது தம்பி. நான் அவனிடம் என்ன கேட்க வேண்டும்?

ஆச்சி, உங்கள் பயம் நியாயமானது. 2025 பிப்ரவரி 22 அன்று ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கத்தில் நீரும் சேறும் பாறையும் சேர்ந்து இறங்கி 8 பேர் சிக்கிக்கொண்டார்கள். நுழைவாயிலிலிருந்து சுமார் 14 கி.மீ. உள்ளே.

மகனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். முகப்புக்கு முன்னால் முன்துளை போடுகிறார்களா? கசிவை ஷிப்டுக்கு ஒருமுறையாவது அளந்து எழுதுகிறார்களா? நீர் கலங்கி வந்தால் யாரையும் கேட்காமல் வெளியேற அவனுக்கு அனுமதி இருக்கிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். தெளிந்த நீர் கூடினால் யோசிக்க நேரம் இருக்கலாம். தெளிவாக வந்த நீர் திடீரெனக் கலங்கினால் உள்ளே மண் கழுவப்படுகிறது என்று பொருள். அப்போது முகப்பில் நிற்கவே கூடாது. நன்றாக வந்துகொண்டிருந்த கசிவு காரணமில்லாமல் நின்றுபோனாலும் அப்படித்தான். எங்கோ அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம்.

இப்போது ஏ.ஐ. வைத்து ஊடுருவுதிறனைக் கணிக்கிறார்களாமே? உங்கள் வேலையே தேவைப்படாதா?

கணிக்கிறார்கள், பயனும் இருக்கிறது. ஆழம், ஆர்.கியூ.டி., விரிசல் இடைவெளி, திறப்பு, நிரப்பிய பொருள், பாறை வகை ஆகியவற்றை உள்ளே கொடுத்து, அளந்த லூஜான் மதிப்போடு பழக்கினால், சோதனை செய்யாத பகுதிக்கும் ஒரு மதிப்பீடு கிடைக்கும். முன்துளையிடும் இயந்திரம் தானே பதிவுசெய்யும் வேகம், உந்துவிசை, முறுக்குவிசை ஆகியவற்றையும் சேர்த்தால் முகப்பருகே மதிப்பீட்டை உடனுக்குடன் திருத்தலாம். முன்துளையை எங்கே நெருக்கமாகப் போட வேண்டும் என்று தீர்மானிக்க இது நல்ல துணை. முன்துளைக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன்.

சார், என் ப்ராஜெக்டில் ஏ.ஐ. மாதிரி (மாடல்) 90 சதவீதத்துக்கு மேல் துல்லியம் காட்டுகிறது. நம்பலாமா?

இரண்டு இடத்தில் சோதித்துப் பாருங்கள். முதலாவது, பழக்கிய தரவும் சோதித்த தரவும் ஒரே துளையிலிருந்து வந்தவையா? 40-ஆவது மீட்டரும் 45-ஆவது மீட்டரும் அண்டை வீட்டுக்காரர்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சொல்வது கணிப்பாகாது. ஒரு துளையை முழுவதுமாக ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றால் பழக்கிப் பாருங்கள். துல்லியம் சட்டென்று இறங்கினால் கலங்காதீர்கள், அந்த எண்தான் உண்மையானது.

இரண்டாவது, தவறு எங்கே நடக்கிறது? ஊடுருவுதிறன் பல கோடி மடங்கு விரிவதால் மடக்கை எடுத்துப் பழக்க வேண்டும். எடுத்த பிறகும், தரவில் பெரும்பாலானவை நீர் குறைந்த பாறைகளாகவே இருக்கும். எல்லாவற்றையும் "குறைவு" என்று சொல்லும் மாதிரிகூட நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஆபத்தான அந்த நாலைந்து விரிசல்களில் எத்தனையைப் பிடித்தது, எத்தனையைத் தவறவிட்டது என்று தனியாக எண்ணி அறிக்கையில் எழுதுங்கள். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்று வீச்சாகச் சொன்னால் களத்தில் இருப்பவருக்கு முடிவெடுக்க உதவும்.

சுரங்கமே இல்லாத நம் ஊரில் இதைப் பழக வழி உண்டா?

தாராளமாக உண்டு. திருப்பத்தூரிலிருந்து மேற்கே கடினப்பாறைப் பகுதியில் போர் போடும் இடங்களுக்குப் போய், டிரில்லரிடம் அனுமதி கேட்டு உடன் நில்லுங்கள். எந்த அடியில் புழுதியின் நிறம் மாறியது, எங்கே ஈரம் தட்டியது, கம்பி எங்கே சட்டென்று இறங்கியது, நீர் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். பக்கத்தில் உள்ள கல்குவாரியின் சுவரில் விரிசல்களின் திசையையும் சாய்வையும் காம்பஸ் வைத்து அளங்கள். அந்தத் திசைக்கும் நீர் கிடைத்த போர்களின் அமைப்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

காரைக்குடிப் பக்கத்து மணற்கல் பகுதியில் எடுத்த தரவை இதோடு கலக்காதீர்கள். இரண்டாவது பதிலில் சொன்னபடி அங்கே நீர் நகரும் விதமே வேறு. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் மாதத்தையும் எழுதுங்கள். கண்மாய் நிறைந்த மார்கழியில் எடுத்த நீர்மட்டத்தையும் சித்திரையில் எடுத்ததையும் ஒரே பத்தியில் சேர்த்தால் பின்னால் எந்த மாதிரியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது.